பின்னால் நிற்கிறவர்கள்



யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியாக வருகிறவர்கள் கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து புத்தூரை அடைகின்றனர். இருபுறமும் செம்மண் தோட்டங்கள். வாழையும் வெங்காயமும் புகையிலையும் செழிக்கின்ற பூமி. பாடசாலை விட்ட மாலைப் பொழுதில், ஏதேனும் ஒரு வெறுங்காணியில் சிறுவர்கள் உதைபந்தாடுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஆட்டம் தொடங்குமுன் அவர்கள் அணி பிரிக்கும் விதத்தை எப்போதாவது கவனித்ததுண்டா? கெட்டிக்காரர்கள் எல்லோரும் முன்னுக்கு ஓடி விடுவார்கள். எஞ்சியவர்கள் பின்னுக்கு நிறுத்தப்படுவார்கள். எல்லோரிலும் சிறியவன், அல்லது ஓட இயலாதவன், கோல் காக்க அனுப்பப்படுவான். 'நான் பின்னுக்கு நிற்கிறேன்' என்று தானாக முன்வந்து கேட்கிற பிள்ளையைக் காண்பது அரிது.

பிள்ளைகளை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. மறுநாள் பத்திரிகையில் கோல் போட்டவரின் பெயரே வருகிறது. தடுக்கப்பட்ட கோலுக்குக் கணக்கு எழுதுவார் எவருமில்லை. ஆகையால், பின்களத்தில் நிற்பதைத் தண்டனையாக எண்ணாமல் பொறுப்பாக எண்ணும் பதினொரு பேரை உருவாக்குவதே ஒரு பயிற்றுவிப்பாளரின் மிகக் கடினமான பணி என்பது என் எண்ணம். அப்பணியைச் செய்து காட்டிய ஒருவரைக் குறித்து இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். ஐதராபாத்தைச் சேர்ந்தவர், தொழிலால் பாடசாலை ஆசிரியர். 1950 முதல் ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியைப் பயிற்றுவித்தார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. ஆனால் மறு ஆண்டிலேயே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. இந்திய வீரர்களிற் பெரும்பாலோர் அன்று வெறுங்காலுடன் ஆடினார்கள்.

பத்துக் கோல்கள் வாங்கிய அணியின் பயிற்றுவிப்பாளர் என்ன செய்வார்? பின்கள வீரர்களைத் திட்டித் தீர்ப்பவர்கள் உண்டு; ஆட்களை மாற்றுபவர்களும் உண்டு. ரஹீம் ஆசிரியராக இருந்தவராதலால் பாடத்தை அடியிலிருந்து தொடங்கினார். ஐதராபாத்தில் அவர் நடத்திய பயிற்சி ஆட்டங்களிற் சில விசித்திரமானவை. ஓர் ஆட்டத்தில் எவரும் பந்தைத் தம் காலில் வைத்துக்கொண்டு வெட்டி ஓடக்கூடாது. வந்தவுடன் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னோர் ஆட்டத்தில் பலவீனமான காலால் மட்டுமே உதைக்க வேண்டும். இடக்கால் வழங்காத பிள்ளை அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு வெட்கப்பட்டிருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் அங்கே எல்லோருக்கும் ஒரே வெட்கம். கெட்டிக்காரனும் கெட்டிக்காரனல்லாதவனும் ஒரே நிலைக்கு இறங்கி, ஒருவர் கையை ஒருவர் எதிர்பார்க்கும்படி ஆனார்கள்.

பின்களத்தின் உறுதி உடல் பலத்தாலோ முரட்டுத்தனத்தாலோ மட்டும் வருவதன்று. எதிரணி வீரன் பந்தோடு வரும்போது அருகில் நிற்பவர் பாய்ந்து விழாமல் அவனைத் தாமதப்படுத்த வேண்டும். இரண்டாமவர் சில அடிகள் பின்னால், முதலாமவர் ஏமாந்தால் மறிக்கத்தக்க கோணத்தில் நிற்க வேண்டும். மூன்றாமவர் மறுபக்கத்து வெளியை மூட உள்நோக்கி நகர வேண்டும். முன்களத்தில் பந்தை இழந்தவர் தலையில் கைவைத்து நிற்காமல் திரும்பி ஓடிவர வேண்டும். இவர்களில் ஒருவர் சோம்பினாலும் மற்றவர்களின் உழைப்பு வீணாகிவிடும். எருசலேமின் அலங்கத்தை நெகேமியா கட்டுவித்தபோது பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைக் கட்டினார்கள் என்று வாசித்திருக்கிறோம். ஒரு வீட்டார் விட்ட இடைவெளி அந்த வீட்டாருக்கு மட்டும் ஆபத்தாக முடிந்திருக்காது.

1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் அதே இந்தியா அவுஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டு என வென்று, இறுதியில் நான்காம் இடத்தைப் பெற்றது. 1960இல் ரோமாபுரியில் பிரான்சோடு சமநிலை கண்டது. அந்த ரோம் அணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இடம்பெற்றிருந்தார். ஆனால் ஓர் ஆட்டத்திலேனும் அவர் களமிறங்கவில்லை. தன் பிள்ளை ஆசனத்தில் அமர்ந்திருக்க, பிறர் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பிய தகப்பனை மற்ற வீரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அணியின் பண்பாடு என்று பெரிய வார்த்தையாகச் சொல்கிறோமே, அது அநேகமாக இப்படிப்பட்ட சிறிய காட்சிகளிலேதான் உருவாகிறது. ஐதராபாத்துக்கு அருகே வறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமனைப் பயிற்சிக்கு அழைத்தபோது, வந்துபோக வசதியில்லை என்றறிந்து துவிச்சக்கரவண்டி வாடகைக்குப் பணம் கொடுத்தவரும் இவரே.

இப்போது 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவுக்கு வாருங்கள். ரஹீமின் நுரையீரலை ஏற்கெனவே புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. ஓகஸ்ட் 26இல் நடந்த முதல் ஆட்டத்தில் இந்தியா தென் கொரியாவிடம் இரண்டு கோல்களால் தோற்றது. அடுத்ததாகத் தாய்லாந்தை வென்றது. ஆனால் அவ்வாட்டத்தில் பின்களத்தின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. கோல்காப்பாளர் பீற்றர் தங்கராஜ் காய்ச்சலில் விழுந்தார்.

இந்த இருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1947 பிரிவினையின்போது சிறுவனாக இடம்பெயர்ந்து உயிர்தப்பியவர் ஜர்னைல். 1995 ஒக்ரோபரை அறிந்த புத்தூர் வாசகருக்கு இடம்பெயர்வு என்ற சொல்லை நான் விளக்கத் தேவையில்லை. தங்கராஜோ தமிழர், மதராஸ் படைப்பிரிவு அணியில் வளர்ந்தவர். தொடக்கத்தில் அவர் முன்கள ஆட்டக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. கோல் போட ஆசைப்பட்டு வந்த உயரமான இளைஞர் கோல் காக்க நிறுத்தப்பட்டார். 1958இல் ஆசியாவின் தலைசிறந்த கோல்காப்பாளர் என்ற பெயரையும் பெற்றார்.

காயப்பட்ட ஜர்னைலை என்ன செய்வது? தலையில் தையலுடன் பின்களத்தில் நின்றால் வருகிற உயரப் பந்துகளையெல்லாம் அவர் முட்டித் தள்ள வேண்டும். ரஹீம் அவரை முன்களத்துக்கு அனுப்பினார். பல ஆண்டுகளாகத் தடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் தடுக்கப்படுகிறவராக மாறினார். அதற்கு இசைந்தது ஜர்னைலின் பெருமை என்றால், அவர் விட்டுச் சென்ற இடத்தை முணுமுணுப்பின்றி நிரப்பியது அருண் கோஷ் முதலிய பின்கள வீரர்களின் பெருமை. தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் ஜர்னைல் ஒரு கோல் போட்டார். இந்தியா மூன்றுக்கு இரண்டு என வென்றது.

செப்டெம்பர் 4. இறுதியாட்டம். எதிரே மீண்டும் தென் கொரியா. இஸ்ரவேலும் தாய்வானும் அழைக்கப்படாததை இந்திய விளையாட்டு நிர்வாகி சோந்தி கண்டித்திருந்தபடியால், ஜகார்த்தா மக்கள் இந்தியர்மீது கடுஞ்சினம் கொண்டிருந்தார்கள். இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. அரங்கில் இந்தியத் தேசிய கீதம் இசைக்கப்பட்டபோதே கூச்சல் எழுந்தது. முந்திய இரவில் ரஹீம் வீரர்களை அழைத்து, தமக்கு ஒரேயொரு பரிசாகத் தங்கத்தைக் கேட்டார் என்று அணித்தலைவர் சுனி கோஸ்வாமி பின்னாளில் நினைவுகூர்ந்தார். தம் நோயின் கொடுமையைக் காட்டி இரக்கத்தைத் தேடியிருந்தால் அது இவ்வளவு வலிமையாய் இருந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

பதினேழாம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல் போட்டார். இருபதாம் நிமிடத்தில், கட்டுப்போட்ட தலையுடன் நின்ற பின்கள வீரர் ஜர்னைல் இரண்டாவதைப் போட்டார். அதன்பின் எஞ்சியிருந்தவை எழுபது நிமிடங்கள். இலட்சம் பேர் இரைகிறார்கள். கொரியர்கள் ஓய்வின்றித் தாக்குகிறார்கள். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த தங்கராஜ் கம்பங்களுக்கிடையே நிற்கிறார். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். இதைப் பற்றி எழுதியிருப்பவர்கள் குறைவு. பார்க்கக் கிடைக்கும் படங்களும் குறைவு. எண்பத்தைந்தாம் நிமிடம் வரை ஒரு கோலும் விழவில்லை. அப்போது கொரியா ஒன்றைப் போட்டது. மீதி ஐந்து நிமிடங்களையும் அந்தப் பின்களம் தாங்கிக்கொண்டது. ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என முடிந்தது.

ரஹீம் ஐதராபாத்துக்குத் திரும்பினார். 1963 யூன் 11ஆம் திகதி காலமானார். ஏழு ஆண்டுகளின் பின், 1970இல் பாங்கொக்கில் இந்தியா வெண்கலம் வென்றபோது அணியைப் பயிற்றுவித்தவர்களில் ஒருவர் ஜகார்த்தாவில் முதல் கோலைப் போட்ட அதே பானர்ஜி. அதற்குப் பிறகு, 2023இல் நடந்த ஹாங்சோ போட்டி வரைக்கும், ஆசிய விளையாட்டு உதைபந்தாட்டத்தில் இந்தியாவின் ஆண்கள் அணி பதக்கம் பெறவில்லை.