சிறு சொல்லும் பெரிய கணக்கும்

திருத்தணி வட்டார வணிகர்களுக்கு இரண்டு மொழிகள் கடைவீதியிலேயே பழகிவிடும். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்துடன் இணைந்தது. இன்றும் நகரி, புத்தூர் பக்கத்து வாடிக்கையாளரிடம் தெலுங்கிலும், மலைக்கு வரும் பக்தர்களிடம் தமிழிலும் விலை சொல்லி வியாபாரம் நடக்கிறது. ஆனால் கம்பெனிக் கடிதமும் வங்கி அறிவிப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அவற்றில் நம்மவரைத் தடுமாற வைப்பவை நீண்ட சொற்கள் அல்ல. ஆஃப், அவுட், அப், டவுன் போன்ற சிறு சொற்களே!

வினைச்சொல்லோடு இவை சேர்ந்தால் பொருளே மாறிவிடும். 'ஃபிரேசல் வெர்ப்' என்று இதனைச் சொல்வார்கள். நமக்கு இது புதிதல்ல. காட்டுவதும் நல்லது, கொடுப்பதும் நல்லது. ஆனால் 'காட்டிக்கொடுத்தான்' என்றால் துரோகம். தெலுங்கில் 'பெட்டு' என்றால் வை; 'வதிலிபெட்டு' என்றாலோ விட்டுவிடு. ஆங்கிலத்தையும் இப்படியே சேர்த்துப் படிக்க வேண்டும்.

நாள்தோறும் வணிகத்தில் வருபவை சிலவற்றைப் பார்ப்போம்.

மார்க் அப்: கொள்முதல் விலைமேல் லாபம் சேர்த்து விலை வைப்பது. மார்க் டவுன்: விலையைக் குறைத்துப் போடுவது.

ரன் அவுட்: சரக்குத் தீர்ந்துபோவது. செல் அவுட்: முழுவதும் விற்றுப்போவது.

புட் ஆஃப்: தள்ளிவைப்பது. கால் ஆஃப்: அடியோடு கைவிடுவது. சரக்கு அனுப்புவதைப் 'புட் ஆஃப்' செய்தோம் என்று மொத்த வியாபாரி எழுதினால் காத்திருக்கலாம். 'கால் ஆஃப்' என்றால் உடனே வேறு இடம் பார்க்க வேண்டும். பண்டிகை நேரத்தில் இந்த வேறுபாடு தெரியாவிட்டால் கடையில் சரக்கு இராது.

பேக் அவுட்: பேசிய பேச்சிலிருந்து பின்வாங்குவது. டர்ன் டவுன்: கேட்டதை மறுப்பது.

செட் ஆஃப்: ஒன்றுக்கு ஒன்று நேர்செய்து கழிப்பது. விற்பனையில் வசூலித்த ஜி.எஸ்.டி. 650 ரூபாய், கொள்முதலில் கட்டியதில் கழிக்கத் தகுந்தது 500 ரூபாய் என்றால், செட் ஆஃப் போக அரசுக்குச் செலுத்த வேண்டியது 150 ரூபாய்.

பே இன்: வங்கியில் பணம் கட்டுவது. 'பே இன் சிலிப்' நாம் அனைவரும் எழுதியதுதான். பே ஆஃப்: கடனை முழுதும் அடைத்து முடிப்பது.

இனி, மிகவும் கவனிக்க வேண்டியது 'ரைட் ஆஃப்'. வராது எனக் கருதும் தொகையை, கொடுத்தவர் தம் கணக்கில் கழித்து எழுதுவதே இது. தமிழ்ச் செய்திகளில் இதனையும் 'தள்ளுபடி' என்று எழுதுவதால், கடன் தீர்ந்தது என்று பலர் நினைக்கின்றனர். கடனை விட்டுக்கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் 'வேவ்' என்பது சொல். இரண்டும் ஒன்றல்ல. வங்கிகள் கணக்குக்காக மட்டும் செய்யும் 'டெக்னிக்கல் ரைட் ஆஃப்', கடனாளி மீதுள்ள உரிமையை விட்டுக்கொடுப்பது ஆகாது என்பதை ரிசர்வ் வங்கி 2023 ஜூன் மாதச் சுற்றறிக்கையில் தெளிவாகக் கூறியுள்ளது. வங்கி வசூலைத் தொடரலாம். ஆகவே கடிதத்தில் 'ரைட் ஆஃப்' என்று கண்டவுடன் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கடன் முழுதும் அடைந்தது என்பதற்கு வங்கி தரும் 'நோ டியூ' சான்றிதழைக் கேட்டு வாங்கி வைப்பதே பாதுகாப்பு.

இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கல்லாப்பெட்டி அருகே ஒரு சிறு நோட்டு போதும். கடிதத்தில் காணும் சொல்லை, ஒட்டி வரும் சிறு சொல்லோடு சேர்த்து எழுதி, கணக்காளரிடமோ கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடமோ பொருள் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். பொருள் விளங்கிய பிறகே கையெழுத்திடுவோம், பதிலும் எழுதுவோம். எடைக்கல்லைச் சரிபார்க்கும் நாம், சொல்லையும் சரிபார்ப்பது நல்லதுதானே!