ரயிலுக்கு ஏற்ற கப்பல்

மேசைமீது மாதிரி ரயில் ஓட்டுபவர்கள் தங்கள் ஊருக்குத் தேவையான அனைத்தையும் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஸ்டேஷன், சிக்னல், பாலம், மரம், மாடு, பிளாட்பாரத்தில் பெட்டியோடு நிற்கும் பயணி வரை எல்லாம் சரியான விகிதத்தில் கிடைக்கின்றன. துறைமுகம் அமைக்கப் போனால்தான் சிக்கல். ஜெட்டி கிடைக்கும், கிரேன் கிடைக்கும், சரக்குக் கிடங்கும் கிடைக்கும். ஜெட்டியில் கட்டிவைக்கக் கப்பல்தான் கிடைக்காது. கிடைத்தாலும் பொருந்தாது.

காரணம் எளிய கணக்கு. மாதிரி ரயில் உலகில் பரவலான எச்ஓ வகையில் எல்லாமே நிஜத்தின் 87-இல் ஒரு பங்கு. பிரிட்டனில் ஓஓ என்ற வகை, 76-இல் ஒரு பங்கு. வீட்டில் இடம் குறைந்தவர்கள் நாடும் 'என்' (N) வகைக்குத் தண்டவாள அகலம் 9 மி.மீ. அதன் விகிதம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 160, பிரிட்டனில் 148, ஜப்பானில் 150. 1972-இல் ஜெர்மனியின் மெர்க்லின் கொண்டுவந்த இசட் வகை இன்னும் சிறியது, 220-இல் ஒரு பங்கு.

இந்த எண்களை ஒரு நிஜக் கப்பலோடு வைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா 2,710 லிபர்ட்டி சரக்குக் கப்பல்களைக் கட்டி இறக்கியது. ஒவ்வொன்றின் நீளமும் 441 அடி 6 அங்குலம், அதாவது ஏறக்குறைய 134.6 மீட்டர். எச்ஓவில் அது ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். என் வகையில் 84 செ.மீ., இசட்டில் 61 செ.மீ. அமெரிக்க வீடுகளில் ரயில் அமைப்புக்கு வழக்கமாக எடுக்கும் பலகை 8 அடிக்கு 4 அடி பிளைவுட். எச்ஓ லிபர்ட்டி கப்பல் ஒன்றே அதன் நீளத்தில் ஐந்தில் மூன்று பங்கைப் பிடித்துக்கொள்ளும். சூயஸ் கால்வாயில் 2021-இல் சிக்கிய 400 மீட்டர் எவர் கிவன், எச்ஓவில் நாலரை மீட்டரைத் தாண்டிவிடும். ரயிலை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கப்பலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கப்பல் மாதிரிகளுக்கென்றே தனிச் சந்தை உண்டு. ஆனால் அந்தச் சந்தையின் விகிதங்கள் வேறு. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து நிறுவனங்கள் 1971-இல் சேர்ந்து தொடங்கிய வரிசைக்குப் பிறகு 700-இல் ஒரு பங்கு அங்கே நிலைத்துவிட்டது. பெரிதாக வேண்டுவோருக்கு 350. என் வகை ரயிலுக்குப் பக்கத்தில் 700-இன் கப்பலை நிறுத்தினால் அதன் மாலுமி ரயில் டிரைவரின் முழங்காலுக்கு எட்டமாட்டான். எச்ஓவுக்கும் என்னுக்கும் நடுவில் வருபவையும் உண்டு. ரெவெல் நிறுவனத்தின் துறைமுக இழுவைப் படகு 108-இல் ஒரு பங்கு. எச்ஓவுக்குக் கொஞ்சம் சிறிசு, என்னுக்கு ரொம்பப் பெரிசு. அப்படியும் பலர் அதை வாங்கி எச்ஓ துறைமுகத்தில் நிறுத்துகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பரவாயில்லை. பக்கத்தில் ஓர் ஆள் பொம்மையை வைத்த மாத்திரத்தில் வாசற்கதவின் உயரம் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த இடைவெளியில்தான் சிறு தயாரிப்பாளர்கள் நுழைகிறார்கள். நெதர்லாந்தின் ஆர்டிடெக் போல ஓரளவு பெரிய பெயர்கள் சில. மற்றபடி ஓர் அறை, ஒரு கணினி, ஒன்றிரண்டு இயந்திரங்கள் என்று நடக்கும் குடும்பத் தொழில்களே மிகுதி. அவர்கள் முதலில் எடுக்க வேண்டிய முடிவு எந்தக் கப்பல் என்பது. அந்த முடிவிலேயே பாதி வெற்றி தோல்வி அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

பெரிய கப்பல்தான் வேண்டும் என்றால் சுருக்க வேண்டும். கப்பலின் நடுப்பகுதி நீளவாக்கில் ஒரே அகலமாக ஓடும். அந்த இடத்தில் ஒரு துண்டை எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்துவிடுவார்கள். லிபர்ட்டியின் ஐந்து சரக்கறைகளை மூன்றாக்கிவிட்டால் நீளம் கணிசமாகக் குறையும். ஒன்றிரண்டு குறைந்தால் யார் எண்ணப்போகிறார்கள் என்பது வடிவமைப்பாளரின் துணிச்சல். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் வந்தால் முதலில் எண்ணுவது அதைத்தான். சுருக்கிய கப்பலில் அகலம் மட்டும் அப்படியே இருப்பதால் அது குட்டையாக, ஊதினாற்போலத் தெரியும். பெரிய கப்பலைக் குறைத்துக் காட்டுவதைவிட, சிறிய கப்பலைக் குறையில்லாமல் காட்டுவதே மேல்.

அதற்குக் கிளைட் பஃபரைவிடப் பொருத்தமான கப்பல் இல்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும் தீவுகளிலும் நிலக்கரியும் செங்கல்லும் விஸ்கியும் சுமந்த சிறு நீராவிக் கப்பல் இது. 1856-இல் ஃபோர்த் அண்ட் கிளைட் கால்வாயில் ஓடிய 'தாமஸ்' என்ற இரும்புப் படகில் நீராவி எஞ்சின் பொருத்தியதில் இதன் வரலாறு தொடங்குகிறது. அந்தக் கால்வாயின் மதகுகளுக்குள் நுழைய வேண்டுமென்பதால் அதில் ஓடிய பஃபர்களின் நீளம் 66 அடியைத் தாண்டவில்லை. அடிப்பாகம் தட்டை. துறைமுகமே இல்லாத கரையில் கடல் வற்றும்போது மணலில் அமர்ந்துவிடும். குதிரை வண்டி பக்கத்தில் வந்து சரக்கை இறக்கிக்கொண்டு போகும். மூன்று நான்கு பேர்தான் ஆட்கள். நீல் மன்ரோ 1905 முதல் கிளாஸ்கோ நாளிதழ் ஒன்றில் எழுதிய பாரா ஹேண்டி கதைகளும், 1954-இல் வந்த 'தி மேகி' படமும் இந்தக் கப்பலைப் பிரிட்டன் முழுக்கச் செல்லப்பிள்ளையாக்கிவிட்டன.

மாதிரி ரயில்காரருக்கு முக்கியம் அந்த 66 அடி. ஓஓ விகிதத்தில் ஓர் அடிக்கு 4 மி.மீ. ஆக 264 மி.மீ. பிரிட்டனின் என் வகையில் 136 மி.மீ. ஒரு சாண்கூட இல்லாத இடத்தில் ஒரு முழுக் கப்பல், வெட்டாமல் சுருக்காமல் அடங்கிவிடுகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பு கால்வாய்க்காக வந்த கட்டுப்பாடு இன்று மேசைக்கும் உதவுகிறது.

இனி வரைபடம். பழைய கப்பல்களின் அசல் வரைபடங்கள் ஆவணக் காப்பகங்களில் கிடைக்கும். லண்டன் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கப்பல் வரைபடங்கள் உள்ளன. கப்பலின் உடலை வாழைப்பழ வில்லைகள் போலக் குறுக்கே வெட்டிக் காட்டும் கோடுகள், பக்கவாட்டுத் தோற்றம், மேலிருந்து பார்க்கும் தோற்றம் ஆகிய மூன்றையும் கணினியில் ஏற்றி அவற்றின்மேல் வழவழப்பான ஒரு பரப்பைப் போர்த்துவார்கள். வரைபடத்துக்கும் கட்டப்பட்ட கப்பலுக்கும் வித்தியாசம் இருக்கும் என்பதால் புகைப்படங்களும் வேண்டும். பஃபர் என்றால் நேரிலேயே போய்ப் பார்க்க முடியும். போர்க்காலத்தில் அரசு இதே வடிவில் கட்டவைத்த கப்பல்களில் ஒன்றான விஐசி 32, 1943-இல் பிறந்தது, இன்றும் நீராவியில் ஓடுகிறது.

கணினியில் தவறவிடக் கூடாத ஒன்று தளத்தின் வளைவு. கப்பலின் மேல்தளம் நேர்கோடு அல்ல. நடுவில் தாழ்ந்து, அணியத்தை நோக்கி மெல்ல ஏறும். குறுக்கே பார்த்தாலும் நடு சற்றே மேடு, நீர் வடிய. இந்த இரண்டையும் தட்டையாக்கிவிட்டால் வேலை எளிது, செலவு குறைவு. ஆனால் அப்படிச் செய்த கப்பல் பெட்டி போலத்தான் இருக்கும். காரணம் சொல்லத் தெரியாதவர்கூட ஏதோ சரியில்லை என்பார். மாதிரி ரயிலை நாம் எப்போதும் சற்று மேலிருந்தே பார்க்கிறோம். அதனால் உடலின் பக்கங்களைவிடத் தளத்தின்மேல்தான் கண் முதலில் விழும்.

நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதியைச் செய்வதே இல்லை. மேசையின் தண்ணீர் பெயின்ட் பூசிய பலகையோ வார்னிஷ் ஊற்றிய பரப்போதான். அதன்மேல் கப்பலைத் தட்டையாக உட்கார வைக்க வேண்டும். ஆனால் எந்த மட்டத்தில் வெட்டுவது? சரக்கு நிறைந்த பஃபர் தளம் நனையும் அளவுக்குத் தாழ்ந்து போகும். காலியானது உயர்ந்து மிதக்கும், கீழே பூசிய சிவப்பு வண்ணம் வெளியே தெரியும். ஓதம் ஏறும்போது ஜெட்டிக்கு மேலே நிற்கும் தளம், வற்றும்போது கீழே போய்விடும். கெட்டிக்காரத் தயாரிப்பாளர் சரக்கு நிறைந்த மட்டத்தில் உடலை வெட்டிவிட்டு, அடியில் ஒட்டிக்கொள்ள ஒரு தனித் தகட்டையும் பெட்டியில் போட்டுவிடலாம். ஒட்டினால் காலிக் கப்பல், ஒட்டாவிட்டால் நிறைந்த கப்பல்.

காலமும் முக்கியம். தொடக்ககாலப் பஃபரில் சுக்கான் பிடிப்பவர் மழையில் நனைந்துகொண்டு திறந்தவெளியில் நிற்பார், பிற்காலத்தில் அவருக்கு ஓர் அறை கிடைத்தது. 1900-களின் ரயில் ஓட்டுபவரும் 1950-களின் ரயில் ஓட்டுபவரும் ஒரே கப்பலை வாங்க வேண்டுமானால் இரண்டு அமைப்புக்குமான பாகங்கள் தேவை.

உற்பத்திக்கு வருவோம். இரும்பு அச்சு வெட்டிப் பிளாஸ்டிக்கை அழுத்தி ஊற்றும் முறை ஆயிரக்கணக்கில் விற்கும் பொருளுக்குத்தான் கட்டுப்படியாகும். நூறு கப்பல் விற்றாலே மகிழ்பவருக்கு அது எட்டாத கனவு. அவர் முதலில் ஒரே ஒரு மூல உருவைச் செய்கிறார், இப்போது பெரும்பாலும் 3டி பிரிண்டரில். மேசைமேல் வைக்கும் சிறிய ரெசின் பிரிண்டர்கள் பலவற்றில் 26 செ.மீ. உடல் ஒரே துண்டாக அடங்காது. துண்டாக்கினால் இணைப்பு தெரியும். அதனால் சரக்கறையின் முன்சுவர் போல ஏற்கெனவே ஒரு கோடு இருக்கும் இடம் பார்த்துப் பிரிக்க வேண்டும். அடுக்கு அடுக்காக வளர்ந்ததன் வரிகளைத் தேய்த்து மறைப்பது தனி வேலை.

மூல உருவைச் சுற்றிச் சிலிக்கோன் ரப்பரை ஊற்றினால் அச்சு தயார். அதற்குள் இரண்டு திரவங்களைக் கலந்த பாலியூரித்தேன் ரெசினை ஊற்ற, சில நிமிடங்களில் இறுகிவிடும். காற்றுக்குமிழிதான் எதிரி. கொடிமர அடி, கைப்பிடி போன்ற மெல்லிய மூலைகளில் அது போய் ஒளிந்துகொள்ளும். அழுத்தக் கலனுக்குள் வைத்து இறுக விட்டால் குமிழி ஒடுங்கும். ஒரு ரப்பர் அச்சு சில பத்து வார்ப்புகளைத் தாங்கும், பிறகு ஓரங்கள் கிழியத் தொடங்கும். நீண்ட மெல்லிய உடல் சில நேரம் கோணிக்கொள்வதும் உண்டு. வெந்நீரில் முக்கித் தட்டையான கண்ணாடிமீது வைத்து நிமிர்த்தலாம் என்று செய்முறைத் தாளிலேயே எழுதிவிடுகிறார்கள்.

சின்னச் சாமான்களுக்கு வேறு வழி. நங்கூரம், வின்ச், கயிறு கட்டும் கட்டை போன்றவற்றை வெள்ளீயக் கலவையில் சுழல் அச்சில் வார்ப்பது பழைய முறை, இன்றும் நடக்கிறது. கைப்பிடிக் கம்பிக்கு வார்ப்பு உதவாது. நிஜத்தில் 35 மி.மீ. தடிமனுள்ள குழாய், பிரிட்டனின் என் வகையில் கால் மில்லிமீட்டர்கூட வராது. ரெசினில் அதைச் செய்தால் பெட்டியைத் திறக்கும்போதே ஒடிந்திருக்கும். அதனால் மெல்லிய பித்தளைத் தகட்டில் ஒளியால் வடிவத்தைப் பதித்து, வேண்டாத இடத்தை ஃபெரிக் குளோரைடு கரைசலால் அரித்து எடுக்கிறார்கள். மடிக்க வேண்டிய இடத்தில் பாதி ஆழம் மட்டும் அரித்துவிட்டால் ஏணியும் படிக்கட்டும் விரலாலேயே மடியும்.

எதை விடுவது என்பதும் வடிவமைப்பே. இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பு நிஜத்தில் 10 மி.மீ. 148-ஆல் வகுத்தால் 0.07 மி.மீ., ஒரு கோட் பெயின்டில் காணாமல் போகும். சிலர் அதைப் பெருக்கிக் காட்டுகிறார்கள், ஆணித் தலைகளையும் சேர்த்து. எனக்கு அது பிடிப்பதில்லை. கப்பலுக்கு அம்மை போட்டது மாதிரி ஆகிவிடுகிறது.

ரயிலோடு நேரடியாக இணையும் கப்பல்களும் உண்டு. நியூயார்க் துறைமுகத்தில் ரயில் பெட்டிகளையே ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் பார்ஜ்கள் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் ஓடின. நியூஜெர்சிக்கும் புரூக்ளினுக்கும் இடையே இன்றும் அந்தச் சேவை தொடர்கிறது. எஞ்சின் இல்லாத தட்டைப் பார்ஜ், மேலே தண்டவாளம். செய்ய இதைவிட எளிதான கப்பல் கிடையாது. அமெரிக்காவின் வால்தர்ஸ் நிறுவனம் எச்ஓவில் இதற்குக் கிட் வெளியிட்டிருக்கிறது. பெட்டிகளை ஏற்றி, பார்ஜை அப்படியே கையில் தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிட்டால் அந்த ரயில் வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கொள்ளலாம். இடமில்லாத வீட்டில் இது பெரிய வசதி.

நம் பக்கம் இன்னொரு வாய்ப்பு கிடக்கிறது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் பயணிகள் தனுஷ்கோடி துறைமேடையில் ரயிலிலிருந்து இறங்கித் தலைமன்னார் கப்பலில் ஏறினார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்த வழி நடந்தது. தொடக்கத்தில் ஓடிய கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் ஆகிய மூன்றும் 1913-இல் கிளாஸ்கோவில், பஃபர்களின் அதே கிளைட் ஆற்றங்கரையில் கட்டப்பட்டவை. தனுஷ்கோடிக் கரையில் மீட்டர் பாதை. அதற்கு எச்ஓவில் 12 மி.மீ. தண்டவாளம் போதும், சுவிஸ் மலைரயில் மாதிரிகளுக்காக அது ஆயத்தமாகவே விற்கிறது. தலைமன்னார்க் கரையில் அகலப் பாதை. கணக்குப்படி 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும், அதைக் கையால்தான் போட வேண்டும். எனவே ஒரு கரையை மட்டும் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பெட்டிகளையும் எஞ்சினையும் புதிதாகச் செய்தாக வேண்டும். கப்பலின் வரைபடத்துக்குக் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் தேடலைத் தொடங்கலாம், கிளைட் கப்பல் தளங்களின் பதிவுகள் பல அங்கே சேர்ந்திருக்கின்றன.