இரண்டு பிரஷர், ஒரு நரம்பு

பிள்ளையார்பட்டியிலும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும், பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலுமாகப் பிழைக்கப் போய்விட, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் பல. அவற்றில் பல வீடுகளில் பிரஷர் மாத்திரை டப்பாவும் இருக்கும். அப்படி மாத்திரை சாப்பிடும் ஓர் ஆச்சியிடம், "உங்களுக்குக் கண்ணில் பிரஷர் இருக்கிறது" என்று கண் மருத்துவர் சொன்னால், "அதுக்குத்தான் தினமும் மாத்திரை போடுறேனே" என்று பதில் வருவது இயல்பு. ஆனால் அந்த நம்பிக்கை பார்வையையே பறித்துவிடக் கூடியது.

ரத்த அழுத்தம் வேறு, கண் அழுத்தம் வேறு. ஒன்றுக்குச் சாப்பிடும் மாத்திரை மற்றதற்கு மருந்தாகாது. அதற்காக இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தொடர்பு உண்டு. நாம் நினைக்கும் விதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

கண்ணுக்குள் ஒரு நீரோட்டம்

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது. கண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண்ணுக்குள்ளேயே சுரந்து, லென்ஸுக்கும் கருவிழிக்கும் ஊட்டம் தந்து, கருவிழியின் விளிம்பிலுள்ள நுண்ணிய வடிகால் வழியே ரத்தத்தில் கலந்துவிடும் நீர் இது. சுரப்பதும் வடிவதும் ஈடாக இருந்தால் கண் அழுத்தம் பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும். வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறும்.

ஏறும் அழுத்தத்தின் அடி, கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பின் மேல் விழுகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் சேர்ந்த நரம்பு அது. இழைகள் ஒவ்வொன்றாகச் சாகும்போது பக்கவாட்டுப் பார்வை முதலில் குறையும். நேர்ப் பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் ஆளுக்குத் தெரியாது. பெரும்பாலும் வலியும் இருக்காது. இதுதான் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய். கண்புரை என்றால் அறுவை செய்து லென்ஸ் வைத்ததும் பார்வை திரும்பும். கிளாக்கோமாவில் போன பார்வை போனதுதான். "புரை முத்தட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருக்கும் முதியவர்களின் கண்ணில், புரைக்குப் பின்னால் இந்த நோயும் சேர்ந்து வளர்ந்துகொண்டிருக்கலாம்.

தமிழ்நாட்டு ஆய்வுகள் சொன்னது

அரவிந்த் கண் மருத்துவமனை தென்தமிழகக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய 5,150 பேரைப் பரிசோதித்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டது. 2.6 சதவீதம் பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. அதில் பரவலான வகையான திறந்த கோணக் கிளாக்கோமா வந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு, தங்களுக்கு அந்த நோய் இருப்பதே அதுவரை தெரியாது. சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வில் இந்த வகை நோய் கிராமத்தில் 1.62 சதவீதமும் நகரத்தில் 3.51 சதவீதமும் இருந்தது.

சென்னை ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு முடிவும் உண்டு. உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்குக் கிளாக்கோமா கூடுதலாக வருகிறதா என்று பார்த்தபோது, நேரடித் தொடர்பு எதுவும் தென்படவில்லை. மேல் பிரஷர் 10 புள்ளி ஏறினாலும் கண் அழுத்தம் கால் புள்ளி அளவுக்குத்தான் ஏறும் என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அப்படியானால் தொடர்பு எங்கே இருக்கிறது?

வித்தியாசத்தில் இருக்கிறது கணக்கு

பார்வை நரம்பு உயிரோடிருக்க ரத்தம் வேண்டும். உடலின் ரத்த அழுத்தம் ரத்தத்தைக் கண்ணுக்குள் தள்ளுகிறது. கண் அழுத்தம் அதை எதிர்த்து நிற்கிறது. கண்மாயின் நீர்மட்டம் வயலைவிட உயர்ந்திருந்தால்தான் மடை திறந்ததும் தண்ணீர் பாயும். கண்மாய் வற்றினாலும் பாயாது. வயலில் ஏற்கெனவே நீர் தேங்கி நின்றாலும் பாயாது. ரத்த அழுத்தம் கண்மாய் என்றால் கண் அழுத்தம் வயல்.

ஒருவருக்குக் கீழ் பிரஷர் 80, கண் அழுத்தம் 18 என்றால் வித்தியாசம் 62. இது போதுமானது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்த ஆய்வு 1995இல் சொன்னது இது: இந்த வித்தியாசம் 30க்கும் கீழே போனவர்களிடம், 50க்கு மேல் இருந்தவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாகக் கிளாக்கோமா காணப்பட்டது.

கண் அழுத்தம் 21ஐத் தாண்டாமலேயே நரம்பு கெடுவதைப் புரிந்துகொள்ளவும் இந்தக் கணக்கு உதவுகிறது. ஜப்பானின் தஜிமி நகரில் திறந்த கோணக் கிளாக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கண் அழுத்தம் 21க்குள்தான் இருந்தது. அழுத்தத்தை மட்டும் அளந்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உயர் ரத்த அழுத்தம் கண்ணுக்கு நல்லது என்று இதற்குப் பொருளில்லை. ஆரம்பத்தில் அது ரத்தத்தை நன்றாகத் தள்ளலாம். ஆண்டுகள் போகப் போக நுண்ணிய ரத்தக் குழாய்கள் தடித்து, தேவைக்கேற்ப விரிந்து சுருங்கும் திறனை இழக்கின்றன. அந்த நிலையில் பிரஷர் திடீரெனத் தாழ்ந்தால் நரம்பால் தாங்க முடியாது. கூடினாலும் கெடுதல், அளவுக்கு மீறிக் குறைந்தாலும் கெடுதல்.

இரவில் நடப்பது

தூங்கும்போது ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்குவது இயற்கை. அதே நேரத்தில், படுத்திருப்பதால் கண் அழுத்தம் ஏறுகிறது. வித்தியாசம் இரு பக்கமிருந்தும் சுருங்குகிறது. பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கண் மருத்துவர் சோஹன் சிங் ஹேரே, இரவு நேர ரத்த அழுத்த இறக்கம் பார்வை நரம்பைப் பாதிக்கலாம் என்று 1994இல் எழுதினார். படுக்கப் போகும்போது பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த இறக்கம் இன்னும் ஆழமாகலாம் என்பது அவருடைய எச்சரிக்கை. பகலில் மருத்துவமனையில் அளக்கும்போது எல்லாம் சரியாக இருப்பவருக்குக்கூட நரம்பு தொடர்ந்து கெட்டுவருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பக்கவாதமோ மாரடைப்போ வரக்கூடும். நேரத்தையோ அளவையோ மாற்றுவது மருத்துவரின் முடிவாக மட்டுமே இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஆகஸ்ட் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கண் மருத்துவமனைக்குப் போகும்போது அந்த மாத்திரைகளையும், எந்த நேரத்தில் சாப்பிடுகிறீர்கள் என்ற குறிப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். பிரஷர் பார்க்கும் மருத்துவரிடம் உங்கள் கண் சொட்டு மருந்தைக் காட்டுங்கள். டிமோலால் போன்ற சொட்டு மருந்து நாடித் துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலும் வரலாம். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து உடலில் கலப்பது குறையும். எழுந்து நின்றால் தலைசுற்றல் வருகிறதென்றால் அதையும் இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லுங்கள். தேவையென்றால் 24 மணி நேரமும் ரத்த அழுத்தத்தைப் பதிவுசெய்யும் கருவியைப் பொருத்திப் பார்ப்பார்கள்.

சதுர்த்திக்கும் தைப்பூசத்துக்கும் பாதயாத்திரை நடப்பவர்கள் செட்டிநாட்டுக்காரர்கள். நடை இரண்டு அழுத்தத்துக்கும் நல்லது. சிரசாசனம் கூடாது, தலைகீழாக நிற்கையில் கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்பதைச் சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், குறிப்பாகப் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கிளாக்கோமா இருப்பவர்கள், கண் அழுத்தத்தோடு பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போனில் "பிரஷர் பார்த்தீங்களா?" என்று கேட்கும்போது "கண்ணையும் காட்டினீங்களா?" என்றும் கேட்க வேண்டும். கிளாக்கோமாவில் இழந்த பார்வையை எந்த மருத்துவராலும் மீட்க முடியாது. மிச்சமிருக்கும் பார்வையை, நேரத்தோடு போனால், பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.