அந்த விமானத்தில் நேதாஜி இல்லை

ஜாசின், மெர்லிமாவ் பக்கம் தோட்டத்துப் பெரியவர்களிடம் நேதாஜியைப் பற்றிப் பேச்செடுத்தால், 1945 தைவான் விமான விபத்தில்தான் வந்து நிற்கும். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவர் விமான விபத்தில் இறந்ததாக ஒரு செய்தி பரவியது. அந்த விபத்து உண்மை. அதில் மாண்டவர்களில் ஒருவர் நம் மலாயா இந்தியர்களுக்காக உழைத்தவர். அவர் பெயரைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே ராஷ் பிஹாரி போஸ் தோக்கியோவில் இந்தியர் மாநாட்டைக் கூட்டினார். அதற்குச் சென்ற பிரதிநிதிகளில் நால்வர் மார்ச் 24-இல் விமானம் விபத்துக்குள்ளாகி மாண்டனர். சுவாமி சத்தியானந்த புரி, கியானி பிரீதம் சிங், கேப்டன் முகமது அக்ரம், கே.ஏ. நீலகண்ட ஐயர் ஆகியோரே அந்த நால்வர்.

சுபாஷ் சந்திர போஸ் இறந்தார் என்று செய்தி பரவியதும் காந்தியடிகள் போஸின் தாயாருக்கு இரங்கல் தந்தி அனுப்பினார். போஸோ அப்போது ஜெர்மனியில் இருந்தார். செய்தி பொய் என்று தெரிந்ததும் நாடே நிம்மதி அடைந்தது. அந்த நிம்மதியில் நால்வரின் மரணம் மறைந்துபோனது.

நீலகண்ட ஐயர், 1936-இல் அமைந்த மலாயா மத்திய இந்தியர் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். மலாயா இந்தியர்களின் பிரச்சினைகளை விளக்கி 1938-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற காலம் அது. அந்த வழக்கத்தை ஒழிக்கவும் கூலி உயர்வுக்கும் 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தமே வெடித்தது.

மார்ச் 28-இல் தோக்கியோ மாநாடு அவர் இல்லாமலே தொடங்கியது. அதே ஆண்டு சயாம் மரண ரயில் பாதை வேலை ஆரம்பமானது. ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டு மடிந்தனர். அவர் உயிரோடு இருந்திருந்தால் அதைத் தடுத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால், தோட்டத் தொழிலாளியின் நிலையை அறிந்து எழுதிய ஒருவரை, அவர் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் இழந்தோம்.

வீட்டில் நேதாஜியைப் பற்றிப் பேசும்போது, பிள்ளைகளிடம் நீலகண்ட ஐயரின் பெயரையும் சொல்லுங்கள்.