கோப்பைகள் காப்பாற்றவில்லை
1930-ல் இன்டர் மிலான் (அப்போது பாசிஸ்ட் அரசு திணித்த பெயர் அம்ப்ரோஸியானா) இத்தாலிய லீக் பட்டத்தை வென்றபோது பயிற்சியாளர் அர்பாத் வெய்ஸுக்கு வயது 34. ஹங்கேரிய யூதர், 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன கால்பந்து அணியில் இருந்தவர். காயம் ஆட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க, பயிற்சியாளரானார். ஜூசெப்பே மியாட்சா என்ற 17 வயதுப் பையனைத் துணிந்து களமிறக்கியது இவர்தான். பிறகு பொலோனியாவுக்கு அடுத்தடுத்து இரண்டு பட்டங்கள். 1937-ல் பாரிஸில் செல்சி அணியே 4-1 என்று மண்ணைக் கவ்வியது.

மறு ஆண்டே முசோலினியின் இனச் சட்டங்கள் வந்தன. குடும்பத்தோடு வெளியேறியவர், நெதர்லாந்தில் டோர்ட்ரெக்ட் நகரின் சிறிய அணிக்குப் பயிற்சி தந்தார். நாஜிகள் அங்கும் வந்தார்கள். 1942 அக்டோபரில் மனைவி எலனாவும் பிள்ளைகள் ரொபெர்ட்டோ, கிளாராவும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டனர். 1944 ஜனவரியில் வெய்ஸும் அங்கேயே மாண்டார். பொலோனியா மைதானத்தில் அவருக்கு நினைவுப் பலகை வைத்தது 2009-ல்.