டர்பன் கட்டாத சர்தார்!

பக்கத்துப் போர்ஷன் பையன் டிப்ளமா முடித்தவன். பேப்பரை நீட்டி, "அண்ணே, நிலக்கரிச் சுரங்கத்துல 'மைனிங் சர்தார்' வேலையாம். பஞ்சாபிங்களுக்கு மட்டும்தானா?" என்றான். சிரிக்காதீர்கள் ஸார், உங்களில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்!

இந்த சர்தார், ஒரு பகுதி ஆட்களுக்குத் தலைவர். அவ்வளவுதான். ஆனால் தான்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் பரீட்சை வைத்துத் தரும் சர்ட்டிபிகேட் இல்லாமல் அந்த நாற்காலியில் (நாற்காலி ஏது, பாவம்!) உட்கார முடியாது. அதற்கு முதலுதவி சர்ட்டிபிகேட் வேண்டும். காஸ் சோதனை சர்ட்டிபிகேட்டும் வேண்டும்.

காஸ் என்றால் நம் வீட்டு சிலிண்டர் இல்லை, மீத்தேன். கலர் கிடையாது, வாசனையும் கிடையாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். அதனால் 1.25 சதவீதத்திலேயே ஆட்களை வெளியேற்றச் சொல்கிறது விதி. 1815-ல் ஹம்ப்ரி டேவி செய்த விளக்கின் வாரிசுகளை வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாக இதைக் கண்டுபிடித்தார்கள். திரியைத் தணித்துவிட்டு உற்றுப் பார்த்தால் சுடருக்கு மேல் வெளிர்நீலத்தில் ஒரு குல்லா. குல்லா உயர்ந்தால் காஸ் அதிகம். இப்போது மீட்டர் வந்துவிட்டது.

ஷிஃப்ட் ஆட்கள் இறங்குமுன் சர்தார் போய்க் கூரையைத் தட்டிப் பார்க்க வேண்டும். 'டங்' என்றால் கெட்டி. 'பொத்' என்று மேளம் மாதிரி கேட்டால், மேலே பாறை விட்டுப்போயிருக்கிறது. மார்க்கெட்டில் தர்பூசணி தட்டுகிறோமே, அதே வித்தைதான். இங்கே ஏமாந்தால் போவது பழக்காசு இல்லை.

சந்தேகம் வந்தால் ஆளை உள்ளே விடக்கூடாது. டன் கணக்கு குறையுதே என்று மேலே இருப்பவர் முணுமுணுக்கலாம். முணுமுணுக்கட்டும்! ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடுவது சர்தார். நான் பி.காம். டிரயல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகலாம். சுரங்கத்தில் அந்த அக்கவுண்டே கிடையாது.

வரைபடம் போடுகிற சர்வேயருக்கும் தனி சர்ட்டிபிகேட் உண்டு. கைவிட்ட பழைய சுரங்கம் எங்கே, அதில் தண்ணீர் நிற்கிறதா என்பதெல்லாம் பிளானில் இருந்தாக வேண்டும். 1975 டிசம்பர் 27-ம் தேதி தான்பாத் பக்கம் சாஸ்நாலாவில், பழைய சுரங்கத்தில் தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு இறங்கியது. கீழே வேலையிலிருந்த 375 பேர் போய்விட்டார்கள்.

இன்ஜினியரிங் பட்டம் வாங்கியவர் நேராக மேனேஜர் ஆகிவிடலாமா? அதுதான் இல்லை. சுரங்கத்தில் வேலை பார்த்த அனுபவம், அதே முதலுதவி, அதே காஸ், அப்புறம் பரீட்சை. அதிலும் ஒரு வெட்டு. நெய்வேலி மாதிரி திறந்தவெளிச் சுரங்கத்தில் மட்டும் பழகியவருக்குக் கிடைப்பது 'திறந்தவெளிக்கு மட்டும்' என்று கட்டுப்பாடு போட்ட சர்ட்டிபிகேட். பூமிக்கு அடியில் வேலை நடக்கும் சுரங்கத்துக்கு மேனேஜராக அது செல்லாது.