கருவுக்கு முன் – 7: இன்வர்டேல் ஆடுகள் காட்டிய வழி

நியூசிலாந்தில் ராம்னி இனப் பெட்டையாடு ஒன்று 11 ஈற்றில் 33 குட்டிகள் போட்டது. அதன் வம்சத்தை ஜார்ஜ் டேவிஸும் சக ஆய்வாளர்களும் விடாமல் பின்தொடர்ந்தார்கள். இன்வர்டேல் என்று பெயர் பெற்ற அந்த மரபணு மாற்றம், பெட்டையாட்டிடம் ஒற்றைப் பிரதியாக இருந்தால் குட்டிகள் இரட்டையும் மூன்றுமாகப் பிறக்கும். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டும் சேர்ந்துவிட்டாலோ சினையே பிடிக்காது. சினைப்பை வளர்ச்சியின்றிச் சூம்பிக் கிடக்கும்.

காரணம் 2000-ஆம் ஆண்டில் தெரிந்தது. பழுது, பிஎம்பி-15 என்ற வளர்ச்சிக் காரணியில். அந்தப் புரதத்தைச் சுரப்பது கருமுட்டை! அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, ஹூஸ்டனில் மார்ட்டின் மாட்சுக்கின் குழு, கருமுட்டை சுரக்கும் ஜிடிஎஃப்-9 என்ற இன்னொரு புரதம் இல்லாத பெண் எலிகள் கருத்தரிப்பதில்லை என்று காட்டியிருந்தது. சுற்றியுள்ள செல்கள் ஊட்டுவதை வாங்கி வளர்வதுதான் கருமுட்டையின் வேலை என்று அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். உண்மையில் அந்தச் செல்கள் எப்போது பெருக வேண்டும், என்ன சுரக்க வேண்டும் என்று ஏவுவதே கருமுட்டைதான். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்பு இதுவே.

இந்தப் புரதங்களை மருந்தாக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் உயிர்வேதியியல் குறுக்கிட்டது. எலியின் ஜிடிஎஃப்-9 சுரந்தவுடன் வேலை செய்யும். மனிதருடையது உறங்கிக் கிடக்கும். ஒரே ஒரு அமினோ அமிலத்தின் வேறுபாடு அது. எலியில் கண்டதை அப்படியே பெண்ணுக்குப் பொருத்த முடியாது. டேவிட் மாட்டர்ஷெட் என்ற உயிர்வேதியியலாளரும் ராபர்ட் கில்கிறிஸ்டும் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரிலிருந்து இதற்கு விடை தேடினார்கள். ஜிடிஎஃப்-9 ஒன்றும் பிஎம்பி-15 ஒன்றும் இணைந்த ஜோடி மூலக்கூறைத் தயாரித்து, 2015-இல் ‘கியூமுலின்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். ஜோடி சேர்ந்ததும் உறங்கிய புரதம் விழித்துக்கொண்டது. கருமுட்டையைச் சூழ்ந்த செல்கள் பன்மடங்கு தீவிரமாக எதிர்வினை காட்டின. விலங்குகளின் கருமுட்டைகளை இதில் வளர்த்தபோது தரமான கருக்கள் கூடுதலாகக் கிடைத்தன.

இதனால் பெண்களுக்கு என்ன? வழக்கமான ஐவிஎஃப் சிகிச்சையில் பத்து நாள் அளவில் தினமும் ஹார்மோன் ஊசி. பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இதில் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, வயிறு வீங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்றுவழி, முதிராத முட்டைகளை எடுத்து ஆய்வகத்தில் முதிர்வித்தல், ஐவிஎம் என்பார்கள். வியட்நாமில் ஹோ சி மின் நகரில் 546 பெண்களிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. முதல் கருமாற்றத்துக்குப் பின் குழந்தை பெற்றவர்கள் ஐவிஎம்மில் 35.2 சதவீதம், ஐவிஎஃப்பில் 43.2 சதவீதம். ஐவிஎம் தரப்பில் ஒருவருக்குக்கூட அந்த மிகைத்தூண்டல் வரவில்லை.

அந்த ஆய்வில் கியூமுலின் சேர்க்கப்படவில்லை. ஊசிச் சுமை குறைந்த வழியில் எட்டு சதவீதப் புள்ளி பின்தங்கல் இருக்கிறது. கருமுட்டை தானே சுரக்கும் புரதங்களைக் கொண்டு அந்த இடைவெளியைக் குறைக்க முடியும் என்பதே கியூமுலின் ஆய்வாளர்களின் நம்பிக்கை. அது பலித்தால் முதலில் பயன்பெறுவோர் பிசிஓஎஸ் உள்ள பெண்களும், ஹார்மோன் ஊசிக்குக் காத்திருக்க நேரமில்லாத புற்றுநோயாளிகளும்.

(தொடரும்)